அடைமழையும் அடைத்த மூக்கும்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களைக் கூதிர்க்காலம் என்று தமிழ் மரபு வகுத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளை ஒட்டியுள்ள வத்திராயிருப்பு, கூமாபட்டி ஊர்களிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை நீளும் வட்டாரத்திற்கு ஆண்டின் பெருமழை இக்காலத்தில்தான் கிடைக்கிறது. அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அணையும் நிரம்பாது, கண்மாயும் பெருகாது. விவசாயத்திற்கு வரமான இந்த மழைநாட்கள், வேறொரு கூட்டத்தாருக்கு ஆண்டுதோறும் தொல்லையைக் கொண்டுவருகின்றன. விடிந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், நீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் மேலண்ணத்திலும் அரிப்பு, இரவில் மூக்கடைப்பு, சிலருக்கு அதற்கு மேலும் மூச்சிரைப்பு என்று வாரக்கணக்கில் நீடிக்கும் இந்தத் துன்பத்தை மக்கள் மழைச்சளி என்றும், சைனஸ் என்றும், டஸ்ட் அலர்ஜி என்றும், வீசிங் என்றும் பலவாறாகச் சொல்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி ஒவ்வாமை என்ற ஒரே குடையின்கீழ் வருவது. ஆனால் அதைத் தூண்டும் பொருள் ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு மாறுபடுவது. பொருளைக் கண்டறியாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவதால்தான், தொல்லை ஒவ்வோர் ஐப்பசியிலும் தவறாமல் திரும்பி வருகிறது.

ஒவ்வாமை என்பது உடலின் பலவீனம் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் அது உடலின் காவல் அமைப்பு ஆளறியாமல் தாக்குவதால் வருவது. மகரந்தம், பூஞ்சையின் வித்து, தூசியில் வாழும் சிற்றுயிரின் கழிவு ஆகியவற்றிலுள்ள புரதங்கள் உடலுக்குத் தீங்கற்றவை. எனினும், பரம்பரையாக அதற்கான இயல்பு கொண்டவர்களின் உடல், அப்புரதத்தைப் பகையென்று பதிவுசெய்துகொண்டு, அதற்கென்றே ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தை உற்பத்தி செய்கிறது. இந்த ஐஜிஇ, மூக்கு, கண், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்படலத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதே புரதம் மறுமுறை உள்ளே நுழைந்தவுடன் மாஸ்ட் செல் தூண்டப்பட்டு, ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களைச் சில நிமிடங்களில் கொட்டுகிறது. தும்மலும் அரிப்பும் நீரொழுக்கும் ஹிஸ்டமினின் வேலை. ஆனால் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து வேறுவகை அணுக்கள் அங்கே திரண்டு வந்து படலத்தை வீங்கச் செய்கின்றன. காலையில் பட்ட தூசிக்கு மாலையில் மூக்கடைப்பு வருவதும், தும்மலை நிறுத்தும் மாத்திரை மூக்கடைப்பை அவ்வளவாக நிறுத்தாததும் இந்த இரண்டாம் கட்டத்தால்தான்.

இந்த அறிவு மருத்துவ உலகுக்கு மெல்ல மெல்லவே வந்துசேர்ந்தது. 1819இல் ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கிலேய மருத்துவர் தமக்கே கோடைதோறும் வந்த கண்ணரிப்பையும் தும்மலையும் முறையாக விவரித்தார். அதற்கு மகரந்தமே காரணம் என்பதை 1873இல் சார்லஸ் பிளாக்லி, தம் உடலிலேயே சோதனை செய்து நிறுவினார். 1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே இந்நிலைக்கு அலர்ஜி என்று பெயரிட்டார். ஐஜிஇ கண்டறியப்பட்டதோ 1960களின் பிற்பகுதியில்தான்.

இலையுதிர்கால ஒவ்வாமை பற்றி வட அமெரிக்காவில் எழுதப்படும் நூல்கள் எல்லாம் ராக்வீட் என்ற களைச்செடியில் தொடங்கும். அச்செடி இந்த வட்டாரத்தின் சிக்கல் அன்று; ஆனால் அதே சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் நெருங்கிய உறவான பார்த்தீனியம் இங்கே உண்டு. 1950களில் புனேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவிய இச்செடியைக் கண்மாய்க்கரையிலும், ரயில் பாதையோரத்திலும், வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளிலும் பார்க்கலாம். மழை விழுந்ததும் முளைத்து, ஏறத்தாழ ஒன்று ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும் இயல்புடையது என்பதால், ஐப்பசி மழையில் முளைத்தது கார்த்திகை முடிவதற்குள் மிளகளவுள்ள வெள்ளைப் பூக்களால் நிறைந்து நிற்கும். ஒரு செடியே பல்லாயிரம் விதைகளைத் தரவல்லது. அதன் மகரந்தம் மூக்கொவ்வாமையைத் தூண்டுவதும், அதிலுள்ள பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் தோலில் பட்டவர்களுக்குத் தடித்த, அரிக்கும் சொறியை உண்டாக்குவதும் இந்திய ஆய்வுகளில் உறுதிசெய்யப்பட்டவை. இதை அழிப்பதற்காக மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகை வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. அவ்வண்டு மழைக்காலத்தில் இலைகளை மொட்டையடிக்கிறதே தவிர, செடியை ஒழித்துவிடவில்லை. பூப்பதற்கு முன்பே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வேரோடு பிடுங்குவதுதான் இன்றும் நம்பத்தக்க வழி. பூத்த பின் வெறுங்கையால் பிடுங்குபவர் நோயைத் தாமே விலைக்கு வாங்குகிறார். விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் பகுதியெங்கும் மண்டிய சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தரவல்லதே.

ஆயினும், வெளியே பறக்கும் மகரந்தத்தின் மேல் முழுப் பழியையும் போடுவது இந்த வட்டாரத்திற்குப் பொருந்தாது. தென்மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்று தூசியையும் மகரந்தத்தையும் வாரி இறைப்பது உண்மை. ஐப்பசி மழையோ அவற்றைக் காற்றிலிருந்து கழுவித் தரையில் சேர்த்துவிடுகிறது. (இடிமழையின் முதல் சில நிமிடங்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஈரம் பட்ட மகரந்தம் வெடித்து நுண்துகள்களாகச் சிதறி மூச்சுக்குழலின் ஆழம் வரை போகக்கூடும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்ன் நகரில் ஓர் இடிமழையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளில் குவிந்ததும், பத்துப் பேர் உயிரிழந்ததும் இதன் கொடிய சான்று.) ஆகவே, நாட்கணக்கில் மழை பெய்து காற்று தெளிந்திருக்கும்போதும் ஒருவருக்குத் தும்மல் நிற்கவில்லை என்றால், காரணத்தை வீட்டிற்குள்தான் தேட வேண்டும்.

வீட்டிற்குள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பீரோவின் பின்புறச் சுவர். வெளிச்சமும் காற்றும் படாத அந்த ஓரத்தில், மழைநீர் ஊறிய சுவரின் அடிப்பகுதியில், முதலில் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றும். சில நாட்களில் அவை ஒன்றோடொன்று கூடிப் படலமாகும். பெயின்ட் உப்பி உதிரும். ஆஸ்பெர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் முதலிய பூஞ்சைகள் இவ்வாறு வளர்கின்றன. நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாட்களுக்குள் காயவில்லை என்றால் அதில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அவற்றின் வித்துகள் பல, மகரந்தத்தைவிட மிகச் சிறியவை என்பதால், மூக்கோடு நிற்காமல் மூச்சுக்குழல் வரை இறங்கி ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன. இங்கே பழைய வழக்கம் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். சுண்ணாம்பு கடுங்காரத் தன்மை கொண்டது. அதில் பூஞ்சை எளிதில் வேர்கொள்ளாது. சுவரின் ஈரமும் அதனூடே வெளியேறிவிடும். மழை முடிந்து பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடித்த முன்னோர் அறிந்தோ அறியாமலோ வீட்டின் காற்றையும் சுத்தம் செய்தார்கள். ஈரம் உலராத சுவரின் மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் பெயின்டைப் பூசுவது ஈரத்தை உள்ளே சிறைப்பிடிப்பதாகவே முடிகிறது. ஒழுகும் இடத்தை அடைக்காமல் கரும்புள்ளியை மட்டும் துடைத்தால், அடுத்த மழைக்கு அது மீண்டும் வரும்.

இரண்டாவது இடம் படுக்கை. வீட்டுத்தூசியில் வாழும் சிற்றுண்ணி, சிலந்தியின் தூர உறவான எட்டுக்கால் உயிர். நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, கடிப்பதில்லை. மனிதத் தோலிலிருந்து நாள்தோறும் உதிரும் செதில்களே அதன் உணவு. அதற்கு வாய்வழியே தண்ணீர் குடிக்கும் வழக்கம் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. எனவே, சித்திரை வெயிலில் வறண்ட காற்றில் குறைந்துபோகும் அதன் கூட்டம், ஈரப்பதம் மிகுந்த அடைமழை நாட்களில் இலவம்பஞ்சுத் தலையணையிலும், மெத்தையிலும், பெட்டியில் மடித்துவைத்த கம்பளியிலும் பெருகுகிறது. ஒவ்வாமையைத் தருவது உண்ணி அன்று, அதன் கழிவு. அந்த நுண்ணிய உருண்டைகளில் இருக்கும் புரதம், மூக்கின் உட்படலத்து அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பையே கரைக்கும் நொதித்தன்மை வாய்ந்தது. அவ்வுருண்டைகள் கனமானவை, காற்றில் நெடுநேரம் மிதப்பதில்லை. படுக்கையை உதறும்போதும், புரண்டு படுக்கும்போதும் கிளம்பி, முகத்திற்கு அருகிலேயே விழுகின்றன. படுத்தவுடன் மூக்கடைப்பவர்களும், எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்முபவர்களும் முதலில் தங்கள் தலையணையைச் சந்தேகிப்பது நல்லது.

ராஜபாளையம் வட்டாரத்திற்கே உரிய மூன்றாவது காரணம் பஞ்சுத்தூசி. 1930களிலிருந்து நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் ராஜபாளையம். அதை அடுத்த சத்திரப்பட்டியோ மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பேர்பெற்றது. பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் ப்ளோ ரூம், பஞ்சைச் சீவி இழையாக்கும் கார்டிங் ஆகிய பிரிவுகளில் தூசி மிகுதி. அங்கே நெடுங்காலம் வேலை செய்பவர்களுக்கு வரும் நெஞ்சிறுக்கமும் இருமலும் பிஸ்ஸினோசிஸ் எனப்படும். ஐஜிஇ வழியாக வரும் ஒவ்வாமையன்று இது. பருத்திக்காயின் இலைத்துணுக்குகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. இந்நோய்க்கு விந்தையான ஓர் இயல்பு உண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் இறுக்கம் கடுமையாக இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் குறைந்ததுபோல் தோன்றும். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங், இந்த முதல்நாள் இறுக்கத்தை வைத்தே நோயின் படிநிலைகளை வகுத்தார். தீபாவளி விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பிய நாளில் நெஞ்சைப் பிடிப்பதைப் பட்டாசுப் புகையின் மேலோ, எண்ணெய்ப் பலகாரத்தின் மேலோ, மழைக்குளிரின் மேலோ போட்டுவிட்டு மறந்துவிடுவது எளிது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் நுரையீரல் மீளாச் சேதமடையும். இந்தியச் சட்டப்படி இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் இந்நோய் இடம்பெற்றிருப்பதைத் தொழிலாளர்கள் அறிந்திருப்பது அவசியம்.

பட்டாசுப் புகையை இங்கே விட்டுவிட முடியாது. சிவகாசி இதே மாவட்டத்தில் இருப்பதும், தீபாவளி ஐப்பசியில் வருவதும் அனைவரும் அறிந்தவை. புகையிலுள்ள கந்தக டைஆக்சைடும் நுண்துகளும் ஒவ்வாமையைத் தருபவை அல்ல, எரிச்சலைத் தருபவை. யாருக்கு வேண்டுமானாலும் இருமல் வரும். ஆனால் ஒவ்வாமையால் ஏற்கனவே வீங்கியிருக்கும் மூக்கும் மூச்சுக்குழலும், நலமானவர் பொருட்படுத்தாத புகைக்கே இறுகிக்கொள்ளும். கொசுவர்த்திச் சுருளும், மூடிய அறையில் போடும் சாம்பிராணியும், ஊதுபத்தியும் இதே வேலையைச் செய்பவை. மழைக்காலத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு கொசுவர்த்தியைக் கொளுத்திவைப்பதைவிடக் கொசுவலைக்குள் படுப்பது நுரையீரலுக்கு எவ்வளவோ நல்லது.

இத்தனை காரணங்களில் தமக்குரியது எது என்பதை அறியப் பெரிய செலவு தேவையில்லை. எப்போது, எங்கே என்ற இரு கேள்விகள் போதும். படுக்கையில் வந்தால் சிற்றுண்ணி. ஒரு குறிப்பிட்ட அறைக்குள் நுழைந்தாலோ, பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தாலோ வந்தால் பூஞ்சை. வரப்பிலும் கரையிலும் நடந்தபின் வந்தால் மகரந்தம். ஆலையில் வந்து, ஊருக்குப் போனதும் தணிந்தால் பஞ்சுத்தூசி. இரண்டு மூன்று வாரங்களுக்கு இவற்றைக் காலண்டர் தாளில் குறித்துவைத்தால், மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள சான்று வேறில்லை. தொற்றுச்சளியிலிருந்து இதைப் பிரித்தறியவும் எளிய அடையாளங்கள் உண்டு. சளிக்காய்ச்சலில் உடல்வலியும் காய்ச்சலும் தொண்டைவலியும் இருக்கும், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தீரும். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது, கண்ணரிப்பு இருக்கும், தூண்டும் பொருள் இருக்கும்வரை நீடிக்கும். உறுதி வேண்டுமெனில், முன்கையில் ஒவ்வாமைப் பொருள்களின் துளிகளை வைத்து மெல்லக் குத்திப் பார்க்கும் தோல் சோதனையைச் செய்துகொள்ளலாம். கால் மணி நேரத்தில் தடிப்பு தோன்றுவதை வைத்து முடிவு தெரியும்.

நிவாரணத்தில் முதலிடம் தூண்டும் பொருளை விலக்குவதற்கே. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 55 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தால் உண்ணி மடியும். மழை விட்ட நாளில் மெத்தையை வெயிலில் போடுவது நல்லதுதான். ஆனால் உண்ணி செத்தாலும் அதன் கழிவு அங்கேயே இருக்கும் என்பதால், வெயில் காட்டியபின் வெளியிலேயே நன்றாகத் தட்டி எடுத்துவர வேண்டும், அதையும் ஒவ்வாமை உள்ளவர் செய்யக்கூடாது. துணிகளை வீட்டிற்குள் கயிற்றில் காயப்போடுவதும், ஈரத்துணியைக் குவித்துவைப்பதும் அறையின் ஈரப்பதத்தை ஏற்றும். துடைப்பத்தால் பெருக்குவதைப்போல் ஈரத்துணியால் துடைப்பது தூசியைக் கிளப்பாது. வைக்கோல் அள்ளுவோரும் பஞ்சில் வேலை செய்வோரும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வது மனநிறைவுக்கு மட்டுமே உதவும். நுண்தூசியைத் தடுக்க மூக்கோடு இறுகப் பொருந்தும் என்95 வகைக் கவசம் வேண்டும்.

மருந்துகளில், உப்புநீரால் மூக்கைக் கழுவுவது எளியது, பக்கவிளைவு அற்றது. ஆனால் அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். குழாய்நீரிலோ குளத்துநீரிலோ அரிதாக இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கின்வழி மூளைக்கு ஏறி உயிரைப் பறிக்கவல்லது. தும்மலுக்கும் அரிப்புக்கும் செடிரிசின், லெவோசெடிரிசின், பெக்ஸோபெனடின் முதலிய ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகள் உண்டு. பழைய வகை மாத்திரைகள் கடும் உறக்கத்தைத் தருபவை ஆகையால், வண்டி ஓட்டுவோரும் எந்திரத்தில் நிற்போரும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மூக்கடைப்பே பெருந்தொல்லையாக உள்ளவர்களுக்குச் சிறந்த மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே பலர் அஞ்சி ஒதுக்குகிறார்கள். ஸ்ப்ரேயில் இருப்பது மைக்ரோகிராம் அளவு, அதுவும் மூக்கிலேயே நின்று செயல்படுவது. அது உடனே வேலை செய்யாது. முழுப்பயன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். தொடர்ந்து அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் தவறாமல் துன்பப்படுபவர், மருத்துவரின் ஆலோசனையுடன் மழை தொடங்குவதற்கு இரு வாரம் முன்பே இதைத் தொடங்கிவிடலாம். அடிக்கும்போது முனையை நடுத்தண்டை நோக்கித் திருப்பாமல், அதே பக்கக் காதை நோக்கிச் சாய்த்து அடித்தால் மூக்கில் இரத்தக்கசிவு வரும் வாய்ப்பு குறையும். இதற்கு நேர்மாறாக, அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டுமருந்தை மக்கள் தயங்காமல் வாங்குகிறார்கள். அதை ஐந்து நாட்களுக்கு மேல் பயன்படுத்தினால், மருந்தே அடைப்பை உண்டாக்கும் நிலைக்கு மூக்கு வந்துவிடும்.

இவற்றை விட ஆபத்தானது, சளிக்கு ஓர் ஊசி கேட்கும் பழக்கம். அவ்வூசி ஸ்டீராய்டாக இருந்தால் சில வாரங்களுக்கு மூக்கு திறந்துவிடும். நோயாளி மனம் மகிழ்ந்து மறுமுறையும் அதையே கேட்பார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எலும்புத் தேய்வும் பின்னால் வரும். ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு ஒவ்வாமையில் வேலையே இல்லை. சதுரகிரி மலைமூலிகைகளைப் பெரிதும் மதிக்கும் இவ்வட்டாரத்தில் ஆடாதோடைக் கசாயம் வீட்டு மருத்துவமாக விளங்குவது இயல்பே. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றியே கோழையைக் கரைக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவானது என்பதால், அந்த மரபறிவு மதிக்கத்தக்கது. ஆனால் கோழையைக் கரைப்பது வேறு, ஒவ்வாமையைத் தடுப்பது வேறு. ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலரை நிறுத்திவிட்டுக் கசாயம் கொடுப்பதை ஏற்கவே முடியாது. மூச்சிரைப்பால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத நிலை, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலமாதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

மருந்துக்கும் விலக்கலுக்கும் அடங்காதவர்களுக்கு, ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் இம்யூனோதெரபி உண்டு. 1911இல் லண்டனில் லியோனார்டு நூன் தொடங்கிவைத்த இம்முறை, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டியது. சோதனையில் காரணம் தெளிவாகத் தெரிந்தவர்களுக்கே பயன்படுவது. தகுந்த வசதியுள்ள இடத்தில் மருத்துவரின் பார்வையிலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியது.

பஞ்சிலும் தறியிலும் வேலை செய்வோர் ஒன்றை மறக்கலாகாது. நெரிசலான புறநோயாளிப் பிரிவில், செய்யும் தொழில் என்ன என்று கேட்க மருத்துவருக்கு நேரம் இல்லாமல் போகலாம். எந்தப் பிரிவில் வேலை, எத்தனை ஆண்டுகளாக, விடுமுறை கழிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா என்பவற்றைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பிஸ்ஸினோசிஸ் தொடக்க நிலையில் தெரிந்து, தூசியிலிருந்து விலகிவிட்டால் நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்.